புருஷனுக்கு அளவெடுத்த சமையலறை

டெய்லரம்மாவின் சமையலறையில் தும்மல் வந்தால் வெளியே வந்துதான் தும்ம வேண்டும். உள்ளேயே தும்மினால் முழங்கை சுவரில் இடிக்கும். முழங்கை இடித்த வேகத்தில் தலை மேல்தட்டில் இடிக்கும். மேல்தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அண்டா இறங்கி வந்து தலைக்குக் குல்லாய் போட்டுவிடும். ஒருமுறை அப்படிக் குல்லாய் மாட்டிய கோலத்தில் அவள் முன்னறைக்கு வர, பேன்ட் இடுப்பைப் பிடிக்கக் கொடுத்திருந்த ஒருவர் பேன்ட்டை வாங்காமலே ஓடிப்போனார் என்று தெருவில் சொல்வார்கள். ஓடியது நிஜம். அண்டாவைப் பார்த்து ஓடினாரா, "இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்று அவள் சொன்னதைக் கேட்டு ஓடினாரா என்பதில்தான் இரண்டு கட்சி.

ஏனென்றால் அவள் சமையல் அப்படி. அவள் வைத்த பருப்பில் கரண்டியை நட்டால் நிற்கும். மறுநாள் போய்ப் பார்த்தாலும் நின்றுகொண்டிருக்கும். அவள் பொரித்த உருளைக்கிழங்கைப் பக்கத்து வீட்டுப் பூனை மோந்து பார்த்துவிட்டு, அவளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனதாம். இதையெல்லாம் அவளே சொல்லிச் சிரிப்பாள். சமையல் வரவில்லை என்பதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. துணி வெட்டத் தெரிந்தவளுக்கு வெங்காயமும் வெட்டத் தெரிய வேண்டும் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

துணி என்று வந்துவிட்டால் அந்த வட்டாரத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அவளிடம் ஒரே ஒரு பழக்கம். தையலுக்கு உள்ளே துணி விடுவாள். மற்றவர்கள் அரை இன்ச் விட்டால் இவள் ஒன்றரை இன்ச் விடுவாள். "இன்னைக்கு இருக்கிற உடம்பு நாளைக்கு இருக்குமா? பிரிச்சு விட்டுக்கலாம்ல?" என்பாள். ஒன்றாம் வகுப்பில் இவளிடம் தைத்த சீருடையைப் பிரித்துப் பிரித்து விட்டு, அதே சட்டையோடு ஒருத்தி கல்லூரிக்கே போனாள் என்று ஒரு கதை உண்டு. நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஆனால் இவள் கையில் டேப்பைப் பிடித்தால், வாய் ஒரு எண்ணைச் சொல்லும்போதே மனசு அதோடு ஒன்றரையைக் கூட்டிவிடும். அது மட்டும் சத்தியம்.

கல்யாணப் பேச்சு வந்தபோது, "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்டாள். "கம்பெனி கேன்டீன்ல சமையல். நானூறு பேருக்கு ஒரே கையா ஆக்கிப் போடுவார்" என்றார்கள். போட்டோ உறையை விட்டு வெளியே வருவதற்குள் சரி என்று சொல்லிவிட்டாள். அடுப்படித் தொல்லை இனி இந்த ஜென்மத்துக்கு இல்லை என்று அவள் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு எங்கே தப்பியது என்றால், நானூறு பேருக்கு ஆக்கிப் போடுகிறவர் விடியுமுன் போய் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை தூங்குவார். ஆக, ஊருக்கே சமைக்கிறவரின் வீட்டில் சமையல் தெரியாதவள் சமைத்தாள். அவரும் போட்டதைச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்துவிடுவார்.

பெண்ணைக் கட்டிக்கொடுத்து, வீட்டுக் கடனையும் அடைத்து முடித்த டெய்லரம்மாவுக்கு வாழ்க்கையில் பாக்கி இருந்த ஆசை ஒன்றே ஒன்று. இவர் ரிட்டயர் ஆகி வர வேண்டும். கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் வெளியே வர வேண்டும்.

கேன்டீன்காரர் ரிட்டயர் ஆகி வந்தார். வந்தவர் நடு அறை நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த வீடு ரயில் பெட்டி மாதிரி. முன்னறையில் தையல் கடை, நடு அறையில் கட்டிலும் டிவியும், கடைசியில் சமையலறை. டிவியில் யாராவது சமைத்துக் காட்டினால் போதும், மனிதர் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்.

"வெங்காயம் இன்னும் வதங்கலை! அதுக்குள்ள தண்ணி ஊத்தறான் பாரு. டேய், நெருப்பைக் குறைடா!"

வலது கை காற்றிலே கிண்டும். இடது கை இல்லாத மூடியைத் திறக்கும். ஆனால் எழுந்து, பத்தடி தள்ளி இருக்கும் நிஜ அடுப்புப் பக்கம் போக மாட்டார். ஒரு நாள் சமையலறை வாசல் வரைக்கும் வந்தார். நிலையில் கை வைத்து எட்டிப் பார்த்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தையல் மிஷினை நிறுத்தினாள். அவரோ பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

டெய்லரம்மாவுக்குப் பளிச்சென்று புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்துக்கொண்டாள். மனிதர் ஆறடி. அகலத்துக்கும் குறைவில்லை. அந்தப் பொந்துக்குள் அவரில் பாதிதான் போகும். மீதிப் பாதி நடு அறையில் நின்று டிவி பார்க்க வேண்டியதுதான். எலியே யோசித்து நுழைகிற இடத்தில் யானை எப்படிச் சமைக்கும்? சமையலறையை மாற்றிவிட்டால் மனிதர் தானாக உள்ளே போவார். அவ்வளவுதான் விஷயம்.

மெயின் ரோட்டில் ரெடிமேட் கிச்சன் கடை ஒன்று திறந்திருந்தார்கள். ரெடிமேட் என்ற வார்த்தையே டெய்லரம்மாவுக்கு ஆகாது. தைத்துப் போட்டுக்கொண்டிருந்த ஜனங்களையெல்லாம் வளைத்துப் பிடித்துக்கொண்டுபோன எதிரிப் படை அது. ஆனால் ஆசாரியை வைத்து மரத்தில் செய்ய ஆகும் செலவைக் கேட்டபோது காது அடைத்துவிட்டது. ஆகவே ஒரு மத்தியான நேரம், எதிரி முகாமுக்குள் வேவு பார்க்கப் போகிறவள் மாதிரி, குடையை முகத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

கடைப் பெண் கெட்டிக்காரி. "ஆன்ட்டி, இது ரொம்ப ஈஸி. எல்லாம் தனித்தனிப் பெட்டி. ஓரடி அகலம், ரெண்டடி அகலம், மூணடி அகலம்னு வரும். உங்க சுவர் நீளத்துக்கு எது எது சேருமோ அதை எடுத்து வரிசையா வச்சுக்க வேண்டியதுதான். மேல ஒரே நீளமா பலகை. அடியில திருகுற காலு இருக்கு, உயரம் ஏத்தலாம், இறக்கலாம்."

"ஓகோ. ஸ்மால், மீடியம், லார்ஜ்."

"அதேதான் ஆன்ட்டி!"

"காலு எவ்வளவு ஏறும்?"

"நல்லாவே ஏறும். ஏன் ஆன்ட்டி, உங்களுக்கு இந்த உயரமே ஜாஸ்தி. உங்களுக்கு இறக்கித்தான் வைக்கணும்."

"எனக்கு யாரு கேட்டா?" என்றாள் ஐந்தடியைத் தொடாத டெய்லரம்மா. கடைப் பெண்ணுக்குப் புரியவில்லை. 

சமையலறை கட்டுகிறவர்கள் சுவரைத்தான் முதலில் அளப்பார்கள். தைக்கிறவளுக்கு அந்தப் புத்தி எப்படி வரும்? ஆளைத்தான் முதலில் அளக்க வேண்டும். அன்று சாயங்காலமே டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

"எந்திரிங்க."

"எதுக்கு?"

"அளவெடுக்கணும்."

மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. ஊருக்கெல்லாம் தைக்கிறவள் இவருக்குத் தைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கே சமைத்தவர் வீட்டில் சமைக்காத மாதிரிதான். நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அவள் நெஞ்சுப் பக்கமே போகவில்லை. தரையிலிருந்து முழங்கை வரைக்கும் அளந்தாள். கையை மேலே தூக்கச் சொல்லி விரல் நுனி எட்டும் உயரத்தை அளந்தாள். அப்புறம் கட்டிலிலிருந்த தலையணையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதை வயித்துக்கு நேரா பிடிச்சுக்குங்க. பிடிச்சுக்கிட்டே ஒரு சுத்து சுத்துங்க."

"தலையணையை வச்சுக்கிட்டு அளவெடுக்கற சட்டையா?"

"புது மாதிரி. இப்ப எல்லாரும் இதான் போடறாங்க. சுத்துங்க."

சுற்றினார். முதுகுக்கும் தலையணைக்கும் வெளியே எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்த்துக்கொண்டாள். மூன்றடி இருந்தால் ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மனிதர் தாராளமாகத் திரும்பலாம். "குனிஞ்சு, கீழ இருக்கற எதையோ எடுக்கற மாதிரி எடுங்க" என்றாள். குனிந்தார். பின்னால் எவ்வளவு துருத்துகிறது என்பதையும் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில், எதிர்வரிசை மருந்துக்கடைக்காரருக்கு விஷயம் போய்விட்டது. போகிற வழியிலேயே சட்டை கோட்டாகிவிட்டது. கேன்டீன்காரருக்குத் தெரிந்த எதுவும் மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாமல் இருந்ததில்லை. "எனக்குக் கோட்டு தைக்கறா. சும்மா கோட்டு இல்லப்பா, குனிஞ்சு நிமிர்ந்தாலும் கசங்காத தினுசு."

சுவரையும் அளந்தாள், அளக்காமல் இல்லை. அடுப்பு வரப்போகும் நீளச் சுவர் ஏழடி பத்து இன்ச். டேப் அப்படித்தான் காட்டியது. கடைக்குப் போய்ப் பெண்ணிடம் சொல்லும்போது, அவள் அறியாமலே மனசு இரண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரை இன்ச் விட்டுவிட்டது. "எட்டடி ஒரு இன்ச்" என்றாள். கடைப் பெண் விரல் விட்டு எண்ணினாள். ரெண்டடிப் பெட்டி மூன்று, ஓரடிப் பெட்டி இரண்டு. மொத்தம் எட்டடி. மிச்சம் ஒரு இன்ச்சுக்கு ஒரு பட்டை வைத்து மூடிவிடலாம். "கச்சிதமா உட்காரும் ஆன்ட்டி!"

எதிர்ச் சுவருக்கு டெய்லரம்மாவே ஒரு யோசனை சொன்னாள். மேலே மாட்டுகிற பெட்டிகள் ஓரடி ஆழம்தானே? அதையே காலில் நிறுத்திக் கீழே வைத்துவிட்டால் என்ன? அகலம் குறைந்த சமையலறைக்கு அதுதான் சரி. இந்தப் பக்கம் ரெண்டடி, அந்தப் பக்கம் ஓரடி, நடுவில் தலையணையோடு சுற்ற மூன்றடி. கடைப் பெண் வாயைப் பிளந்தாள். "நீங்க இந்த லைன்ல இருக்கீங்களா ஆன்ட்டி?"

"இல்லம்மா. குண்டா இருக்கறவங்களுக்கு ஒல்லியா தெரியற மாதிரி தைக்கற லைன்."

அழகு விஷயத்திலும் தையல் புத்திதான் கைகொடுத்தது. பெட்டியின் உடம்பு இருப்பதிலேயே மலிவானதாக எடுத்தாள். உள்துணியை யார் பார்க்கப் போகிறார்கள்? கதவுகளைக் கொஞ்சம் உசத்தியாக எடுத்தாள்: கீழ்வரிசைக்குப் பாசி நிறப் பச்சை, மேலே பால் வெள்ளை. கைப்பிடிக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. பித்தளை நிறத்தில், கை நழுவாத, உருண்டையான கைப்பிடி. சாதாரணச் சட்டையை நல்ல பட்டன் தூக்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியாததா? மேலே மரம் மாதிரி ஒரு பலகை. மேல்பெட்டிக்கு அடியில் ஒட்டுகிற விளக்குப் பட்டை. இன்னொரு சுவரில் மேலே பெட்டியே வேண்டாம், ஒரு வெறும் பலகை போதும் என்றாள். கழுத்துப் பக்கம் இறக்கமாக வைத்தால்தான் ஆளுக்கு மூச்சு விட முடியும்.

வீட்டில் பாதி அறையை அடைத்துக்கொண்டிருந்த பழைய கல்மேடையை இடித்தார்கள். மேல்தட்டு போயிற்று, அண்டா குல்லாய் போடும் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றது. மூன்று வேளையும் ரொட்டி. கேன்டீன்காரர் அதையும் சாப்பிட்டார். "உன் சமையலறை, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். அதைக் கேட்டவள் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். உன் சமையலறையாமே! மனிதர் இதிலும் நுழையாமல் நாற்காலியிலேயே வேர் விட்டுவிட்டால்? இடித்ததும் போச்சு, வாங்கினதும் போச்சு. இன்னும் இருக்கிற காலத்துக்கெல்லாம் அழகான பாசிப் பச்சைப் பெட்டிக்கு முன்னால் நின்று அதே பருப்பைக் கிண்ட வேண்டியதுதான்.

பெட்டிகள் வந்தன. கூடவே மாட்டிக்கொடுக்க ஒரு ஆளும் வந்தார். எதை வைத்தாலும் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழ் நட்டநடுவில் நின்றால்தான் அவருக்கு மூச்சு வரும். டீ டம்ளரை வாங்கினால்கூட ஓரக்கண்ணால் மட்டம் பார்ப்பார். ஆகவே தொழில் வட்டாரத்தில் அவருக்கு ரசமட்டம் என்றே பெயர்.

மேல்பெட்டிகளையும் எதிர்ச் சுவர் வரிசையையும் முடித்துவிட்டு, ரசமட்டம் அடுப்புச் சுவரில் முதல் பெட்டியை வைத்தார். இரண்டாவது வைத்தார். மூன்றாவது. நாலாவது ஓரடிப் பெட்டியும் உட்கார்ந்தது. ஐந்தாவதைத் தூக்கிக்கொண்டு போனவர், வைக்காமல் தூக்கியபடியே நின்றார்.

"அக்கா, இங்க வாங்க. இடம் பத்து இன்ச்சு. பெட்டி பன்னெண்டு இன்ச்சு."

"அப்படி இருக்காதே!"

"இருக்கேக்கா. யாரு அளவெடுத்தது?"

"நான்தான்."

"என்ன அளவு குடுத்தீங்க?"

"எட்டடி ஒரு இன்ச்."

ரசமட்டம் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தன் டேப்பை நீட்டினார். "ஏழடி பத்து இன்ச்சு. மூணு இன்ச்சு எங்கேருந்துக்கா வந்துச்சு?"

டெய்லரம்மா சுவரைப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய டேப்பைப் பார்த்தாள். மெல்ல உட்கார இடம் தேடினாள். உட்கார இடமும் இல்லை.

"தையலுக்கு விட்டுட்டேன்."

"என்னது?"

"ரெண்டு பக்கமும் ஒன்றரை. எப்பவும் விடறதுதான். கை தானா விட்டுடுச்சு."

ரசமட்டத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அக்கா, பெட்டிக்கு அந்தப் பக்கம் சுவரு. சுவரைப் பிரிச்சு விடுவீங்களா? இல்ல, பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட ரெண்டு இன்ச்சு கடனா கேக்கலாமா?"

சிரிப்புச் சத்தம் கேட்டு நடு அறையில் டிவி நின்றது. நாற்காலி கிரீச்சிட்டது. கேன்டீன்காரர் வாசலில் வந்து நின்று, நடந்ததைக் கேட்டுக்கொண்டார், சிரிக்கவில்லை. பழக்கதோஷம், நின்ற இடத்திலிருந்தே கண்ணால் இடத்தை ஒரு சுற்று அளந்தார்.

"அந்தக் கடைசிப் பெட்டி எதுக்கு? எடுத்து வெளிய போடு. பத்து இன்ச்சைக் காலியா விடு. பலகை மட்டும் மேல வரட்டும். பெரிய தட்டு, வெட்டற பலகை, மூடியெல்லாம் நட்டுக்குத்தா நிக்க வைக்க ஒரு சந்து வேணும்ல? அடுப்புக்குப் பக்கத்துல அது இல்லாத சமையலறை ஒரு சமையலறையா?"

ரசமட்டம் டெய்லரம்மாவைப் பார்த்தார். டெய்லரம்மா புருஷனைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் இந்தச் சமையலறை எப்படி இருக்க வேண்டும் என்று மனிதர் சொன்ன முதல் பேச்சு இதுதான்.

"உள்ள வந்து சொல்லுங்களேன்" என்றாள், குரலை ஒன்றுமறியாத மாதிரி வைத்துக்கொண்டு.

வந்தார். இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்றார். கையை நீட்டினார், மேல்பெட்டி கைக்கு எட்டியது. திரும்பினார், எதுவும் இடிக்கவில்லை. குனிந்தார், பின்பக்கமும் இடிக்கவில்லை. நிமிர்ந்து, இன்னொரு சுற்று சுற்றினார். பாதிச் சுற்றில் அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் மெதுவாக வெளிச்சம் வந்தது.

"தலையணை!"

டெய்லரம்மா மேலே பார்த்தாள்.

"அன்னிக்கு எடுத்த அளவு... இதுக்கா?"

"ம்."

"அப்ப என் கோட்டு?"

"எட்டடி நீளத்துல தச்சிருக்கேன். அதுக்குள்ளதான் நிக்கறீங்க."

"மருந்துக்கடையில சொல்லிட்டேனேடி! தினமும் கேக்கறான், கோட்டு எங்க கோட்டு எங்கன்னு!"

"கூட்டிட்டு வந்து காட்டுங்க."

ரசமட்டம் கீழே படுத்து, பெட்டிக் காலைத் திருகி, குமிழை நடுவுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். தரையிலிருந்து குரல் கொடுத்தார். "அக்கா, ஒரு சந்தேகம். மேடையை நீங்க சொன்ன உயரத்துக்கு ஏத்திட்டேன். ஆனா உங்களுக்கு எட்டாதே?"

கேன்டீன்காரர் மனைவியைப் பார்த்தார். மேடை அவள் நெஞ்சுக்கு வந்தது. அதில் சட்டி வைத்தால் உள்ளே என்ன வேகிறது என்று ஸ்டூல் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

"இதையும் தப்பா அளந்துட்டியா? தம்பி, இறக்குப்பா. அம்மா உயரத்துக்கு இறக்கு."

ரசமட்டம் திருகத் தொடங்கினார்.

"இறக்காதீங்க!" டெய்லரம்மா போட்ட சத்தத்தில் ரசமட்டத்தின் தலை பெட்டியின் அடியில் இடித்தது.

"ஏன்?" என்றார் கேன்டீன்காரர்.

"ஏன்னா... இறக்கினா நான்தான் சமைக்கணும்."

"நீதானே சமைக்கற?"

"அதுதான் வேணாங்கறேன்! எனக்குச் சமையல் பிடிக்காதுங்க. என்னிக்குமே பிடிச்சதில்ல. சமையல்காரரைக் கட்டிக்கிட்டா தப்பிச்சுக்கலாம்னு கட்டிக்கிட்டேன். நீங்க ரிட்டயர் ஆகி வந்து ஆக்கிப் போடுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். நீங்க என்னடான்னா டிவிக்காரனுக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. இடம் பத்தாமத்தான் உள்ள வரமாட்டேங்கறீங்கன்னு உங்க அளவுக்கு எல்லாத்தையும் பண்ணேன். எனக்கு எட்டவே கூடாதுன்னுதான் இவ்வளவு உயரம் வச்சேன். போதுமா?"

ரசமட்டம் திருகுவதை விட்டுவிட்டு இடித்த தலையைத் தடவிக்கொண்டார். 

"இடம் பத்தலைன்னு யாரு சொன்னா?" என்றார் அவர். குரல் தழைந்திருந்தது. "கேன்டீன்ல இதைவிடச் சந்துல நின்னு பாத்திரத்தை இறக்கியிருக்கேன்."

"அப்புறம் ஏன் வரல?"

"நீ கூப்பிடலையே!"

"என்னது?"

"எங்க கேன்டீன்ல எல்லாருக்கும் ஒரே சட்டம். ஒருத்தர் அடுப்புக்கு இன்னொருத்தர் போகக்கூடாது. அடுப்புக்காரர் வாயைத் திறந்து 'வாங்க'ன்னு கூப்பிட்டாத்தான் போகணும். கூப்பிடாம மூடியைத் திறந்து பாத்தான்னு ஒருத்தனோட ரெண்டு வருஷம் பேசாம இருந்திருக்கேன். இது உன் அடுப்பு. நீயே பாத்துப் பாத்துச் செய்யற. நான் எப்படி உள்ள வர்றது? வாசல் வரைக்கும் வந்து கூட நின்னேன். நீ மிஷினை நிறுத்திட்டு ஒரு மாதிரி பாத்தே. சரி, பிடிக்கலை போலன்னு போய்ட்டேன்."

"நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பாத்தேன், வரமாட்டீங்களான்னு!"

"அதை வாயால சொல்றதுதானே?"

"வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஆளைப் பத்திரிகை அடிச்சா கூப்பிடுவாங்க?" என்றவள், திடீரென்று வேறொன்று நினைவுக்கு வந்தவளாக இடுப்பில் கை வைத்தாள். "இருங்க. அப்ப என் பருப்பு? இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லாம சாப்பிட்டீங்களே. நாக்குல ருசியே இல்லையோன்னு நினைச்சேன்."

"ருசி தெரியாமயா நானூறு பேருக்குச் சமைச்சேன்?"

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"ஒரு சமையல்காரர் கையை இன்னொரு சமையல்காரர் குறை சொல்லக்கூடாது. அதுவும் சட்டம்தான்." கொஞ்சம் தயங்கி, "ஆனா இப்ப நீ சமையல்காரி இல்லைன்னு நீயே சொல்லிட்ட. சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"கொடுமைடி."

டெய்லரம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவருக்கும் தொற்றிக்கொண்டது. பெட்டிக்கு அடியிலிருந்து மூன்றாவது சிரிப்பும் கேட்டது.

"சிரிச்சு முடிச்சதும் சொல்லுங்க," என்றது பெட்டியின் அடிப்பக்கம், "ஏத்தவா, இறக்கவா?"

கேன்டீன்காரர் மேடைக்கு முன்னால் நேராக நின்று, இல்லாத பலகையில் இல்லாத வெங்காயத்தை இரண்டு வெட்டு வெட்டிப் பார்த்தார். தோள் லேசாகத் தூக்கிக்கொண்டது.

"எனக்கே கொஞ்சம் உசரமா இருக்கு. ஏம்மா, இதுலயும் தையலுக்கு விட்டியா?"

"ஒன்றரை இன்ச்."

"தம்பி, ஒன்றரை இன்ச் இறக்கு. மெதுவா... இன்னும் ஒரு நூல்... நிறுத்து. அங்கேயே விடு." அப்புறம் அவள் பக்கம் திரும்பிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சரி. கூப்பிடு."

"என்னது, இப்பவா? இந்த ஆள் முன்னாலயா?"

"சாட்சி இருந்தா நல்லது."

டெய்லரம்மா சிரிப்பை அடக்கி, தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். எதிர்வரிசை மருந்துக்கடை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: "வாங்க. இந்த அடுப்பு உங்களுது. எல்லா மூடியையும் நீங்களே திறந்துக்குங்க."

மறுநாள் பலகை ஏறியது, கதவுகள் ஏறின, பித்தளைக் கைப்பிடிகள் வரிசையாக ஏறின. விளக்குப் பட்டையைப் போட்டதும் சின்னச் சமையலறை கடையில் வைத்திருக்கும் மாதிரிச் சமையலறையைப் போல ஆகிவிட்டது. மருந்துக்கடைக்காரர் கோட்டைப் பார்க்க வந்து சமையலறையைப் பார்த்துவிட்டுப் போய், தன் மனைவியையும் அழைத்துவந்து காட்டினார். மிஞ்சிய ஓரடிப் பெட்டி முன்னறையில் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நூல்கண்டு வைக்க வந்து உட்கார்ந்தது.

கேன்டீன்காரர் முதல் நாள் சமைத்த சமையலைப் பற்றித் தெருவில் பல கணக்கு உண்டு. நானூறு பேருக்குப் பழகிய கையை ரெண்டு பேருக்குச் சுருக்கத் தெரியாமல் தெரு முழுக்கச் சாப்பாடு போயிற்று என்பார்கள். பக்கத்து வீட்டுப் பூனை இந்த வீட்டுக்கே குடிமாறிவிட்டது என்பார்கள். அதெல்லாம் இருக்கட்டும். நடந்தது இதுதான்.

மத்தியானம். முன்னறையில் ஒருத்தி கவுனைப் போட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முதுகுக் கொக்கி இன்னும் தைக்கவில்லை. டெய்லரம்மா வாயில் ஊசியோடு அவள் முதுகுப்பக்கம் நிற்கிறாள். கடைசி அறையிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை நடு அறையைத் தாண்டி வருகிறது. நெருப்பைக் குறைத்து, நிதானமாக, பொன் நிறத்துக்கு வதங்குகிற வாசனை. அந்த வீட்டில் அப்படி ஒரு வாசனை வந்ததே இல்லை.

"சாப்பாடு ஆச்சு!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். கேன்டீன் முழுக்கக் கேட்டுப் பழகிய குரல்.

டெய்லரம்மா வாயிலிருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்தினாள்.

"அக்கா, கொக்கி?" என்றாள் கவுன்காரி.

"நாளைக்கு வாம்மா."

"ஒரே ஒரு கொக்கிதானே, ரெண்டு நிமிஷம்..."

"ரெண்டு நிமிஷத்துல ஆறிடும்," என்று சொல்லிவிட்டு, பாதி திறந்த முதுகோடு நின்ற அந்தப் பெண்ணின் தோளில் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, கழுத்து டேப்பைக்கூடக் கழற்றாமல் டெய்லரம்மா உள்ளே ஓடினாள்.